வற்றிய கடலில் ஒரு துறைமுகம்

நாள் 1: 20 மே 2023, சனி

பாரிஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் வந்து, நார்மண்டிக் கரையில் ஆரோமான்ஷ் என்ற சின்ன ஊரில் இறங்கியபோது பகல் பன்னிரண்டு. வண்டியைப் பூட்டிவிட்டு மச்சினன் கடலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தூரத்தில் கறுப்பாக ஏழெட்டுத் திட்டுகள், எருமைகள் குளத்தில் கிடப்பது மாதிரி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இதுக்கா அத்தான் லீவு போட்டு வந்தோம்?"

இதுக்குத்தான். தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கு நான்கு கிலோமீட்டருக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு நடுவில் கப்பல் வந்து நிற்க வருடக்கணக்கில் வேலை நடந்தது. அப்படியிருக்க, ஒரு முழுத் துறைமுகத்தைத் துண்டு துண்டாக வார்த்து, கடலில் இழுத்து வந்து, எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று படித்தால் நேரில் வந்து பார்க்காமல் எப்படி இருப்பது? பெண்டாட்டியின் தம்பி பாரிஸில் இருப்பது இதற்காவது உதவட்டும் என்று கிளம்பிவிட்டோம். அவன் அங்கே கட்டட வேலையில் மேஸ்திரி. அது நாளைக்கு உதவும்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸுக்குள் நுழைவதற்காக, 1944 ஜூன் 6 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ், கனடியப் படைகள் இந்தக் கரையில் சுமார் எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கின. ஒரே நாளில் சுமார் 1,56,000 பேர். அவர்களில் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாராசூட்டிலும் கிளைடரிலும் வந்தவர்கள், மிச்சப் பேர் கடல் வழியாக. சின்னதும் பெரிதுமாகக் கிட்டத்தட்ட 7,000 கப்பல்கள். கடற்கரைகள் ஐந்து. மேற்கிலிருந்து யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, ஸ்வோர்டு. ஆரோமான்ஷ் கோல்டு பக்கம் வரும். வீரக் கதைகள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இருந்த கேள்வி ஏஜென்சிக்காரன் கேள்வி: இத்தனை பேர் இறங்கிவிட்டால் மறுநாள் அவர்களுக்குச் சோறும் குண்டும் டீசலும் எந்த பெர்த்தில், அதாவது கப்பல் நின்று சரக்கு இறக்கும் எந்த மேடையில், இறக்குவது?

விடுதி நடத்துகிற அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஏமாற்றத்தைப் பார்த்துச் சிரித்தார். சமையலறைச் சுவரில் நம் வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்குகிற இடத்தில் ஒரு சின்னப் புத்தகம் தொங்கியது. கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம், நாள்வாரியாக. விரலால் தடவிப் பார்த்து, "ஆறு மணிக்குப் போங்கள்" என்றார்.

ஆறு மணிக்குப் போனோம். கடலைக் காணோம்.

மிகையில்லை. மத்தியானம் தடுப்புச் சுவரில் மோதிக்கொண்டிருந்த தண்ணீர், நானூறு ஐந்நூறு அடி தள்ளிப் போய்விட்டது. நேற்றுதான் அமாவாசை, ஓதம் (கடல் ஏறி வற்றுவது) பெரிதாக இருக்கும் நாட்கள். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. கப்பலைக் கயிறு போட்டுக் கரையில் கட்டுகிறவனைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதில்லை. இங்கே ஐந்தாறு மீட்டர், இரண்டு மாடி உயரம். ஆறு மணி நேரத்தில் இறங்கி, ஆறு மணி நேரத்தில் ஏறுகிறது. மத்தியானம் எருமைத் தலையாக இருந்தவை இப்போது வீடு வீடாக நின்றன. "ஏய், இது கான்கிரீட்டு!" என்று மச்சினன் நடையை எட்டிப் போட்டான். ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து ஊசியாய் குத்தியது. என் மனைவி ஷாலைத் தலையோடு போர்த்திக்கொண்டு "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். சரி என்று திரும்பிவிட்டோம்.

ராத்திரி இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று புரிகிறது. இந்த ஐந்தாறு மீட்டரைச் சுற்றித்தான் படையெடுப்பின் நாளும் நேரமும் குறிக்கப்பட்டது. ஜெர்மன் தளபதி ரோமல், கடல் ஏறியும் வற்றியும் போகிற அந்தப் பட்டையில் ஆயிரக்கணக்கில் மரக்கட்டைகளையும் இரும்புச் சட்டங்களையும் நட்டு, பலவற்றின் நுனியில் கண்ணிவெடி கட்டி வைத்தார். வருகிறவன் கடல் ஏறியிருக்கும்போதுதான் வருவான், அப்போதுதான் மணலில் குறைவாக ஓடவேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. ஏறிய கடலில் அந்தக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியாது, படகின் அடிவயிற்றைக் கிழித்துவிடும். நேச நாட்டுப் படையினர் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கடல் நன்றாக வற்றி, மறுபடி ஏறத் தொடங்கும்போது இறங்கவேண்டும். அப்போது தடைகள் வெளியே தெரியும், வெடி வைத்துத் தகர்க்கலாம். ஆளை இறக்கிய படகையும் ஏறுகிற தண்ணீரே தூக்கிவிடும். அந்த நேரம் விடிந்த கொஞ்ச நேரத்தில் வரவேண்டும். முந்தின இரவு பாராசூட்காரர்களுக்கு நிலா வேண்டும். இத்தனையும் கூடி வரும் நாட்கள் ஜூனில் முதலில் 5, 6, 7தான்.

இதைக் கணித்தவர் ஆர்தர் டூட்சன். லிவர்பூல் பக்கம் இருந்த ஓத ஆராய்ச்சி நிலையத்தில், பல்சக்கரமும் கப்பியும் கம்பியுமாக ஓடுகிற ஒரு பித்தளை யந்திரத்தை வைத்துக்கொண்டு போட்டார். இடத்தின் பெயரைக்கூட அவருக்குச் சொல்லவில்லை. 'இசட்' என்று ஒரு குறியீடும் சில எண்களும் மட்டும் வந்தன. இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தைக் கணிக்கவென்றே 1879இல் லண்டனில் இந்த ஜாதி யந்திரம் ஒன்றைச் செய்தார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஓதம் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் ஐந்து கரைக்கும் ஒரே நேரம் வைக்க முடியாது. யூட்டாவிலும் ஒமாஹாவிலும் 6:30, கோல்டில் 7:25, ஜூனோவில் அதற்கும் பிறகு.

நாள் 2: 21 மே, ஞாயிறு

விடிவதற்குள் எழுப்பிவிட்டான் மச்சினன். புத்தகப்படி ஆறு மணி வாக்கில் வற்று. அவனுக்கு நேற்று ராத்திரியெல்லாம் கான்கிரீட் நினைப்புதான் போல.

மணல் இறுகலாக, நடக்க வசதியாக இருந்தது. முதலில் கிடப்பவை சின்னவை, ஓடத்தைக் கவிழ்த்துப் போட்ட வடிவம். இவை கடல்மேல் போட்ட சாலையைத் தாங்கிய மிதவைகள். இவற்றுக்கு 'வண்டு' என்று பட்டப்பெயர். அதைத் தாண்டினால் பெரிய பெட்டிகள். எட்டுகிற தூரத்தில் இருந்த ஒன்றின் அடியில் போய் நின்றோம். இடுப்பு உயரம் வரை பச்சைப் பாசி, அதற்கு மேல் கறுப்பாக மட்டி அப்பிக் கிடக்கிறது. அதற்கும் மேல் மழுங்கிய சாம்பல் சுவர். ஒரு மூலை உடைந்து, கம்பிகள் துருவேறிக் குச்சிக் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன.

மச்சினன் சுவரை உள்ளங்கையால் தடவினான். "அத்தான், இங்க பாருங்க."

பார்த்தேன். சுவரில் குறுக்காகக் கோடுகள், ஒரு சாண் இடைவெளியில். கோடுகளுக்கு நடுவே மெல்லிய வரிவரியாய் மரத்தின் ரேகை. ஒரு இடத்தில் வட்டமாக ஒரு கணுகூடப் பதிந்திருந்தது.

"சென்ட்ரிங் பலகை. உருவிட்டுப் பூசாம விட்டுட்டாங்க. அவசரம்."

1943-44இல் இங்கிலாந்தில் யாரோ ஒரு தச்சன் அடித்த பலகையின் கணு அது. அந்தக் கணுவில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் அவன் கம்பியின் தடிமனைக் கட்டைவிரலால் அளந்து, "கவர் பத்தல. அதான் கம்பி வெளிய வந்துருச்சு. நான் இப்படிப் போட்டா இன்ஜினியர் என்னை வேலைய விட்டுத் தூக்கிருவான்" என்றான். மூன்று மாதம் தாங்கினால் போதும் என்று கட்டியது என்று சொன்னேன். எண்பது வருடத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அவன் குறை சொல்லவில்லை.

பத்து மணிக்கு அருங்காட்சியகம். இந்த வசந்தத்தில்தான் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவர், வெளியே கடல், உள்ளே அதே துறைமுகத்தின் மாதிரி. மாதிரியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால் நிஜம்.

கதை தியெப்பில் தொடங்குகிறது. 1942 ஆகஸ்ட் 19 அன்று, பிரெஞ்சுக் கரையில் உள்ள அந்தத் துறைமுக ஊரை நேருக்கு நேர் தாக்கிப் பார்த்தார்கள். போனவர்கள் சுமார் ஆறாயிரம் பேர், அவர்களில் ஐயாயிரம் கனடியர்கள். ஒரே காலையில் கனடியர்களில் மட்டும் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறைபிடிக்கப்பட்டார்கள். துறைமுகம் உள்ள இடத்தில் எல்லாம் ஜெர்மானியர் கான்கிரீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியே ஒன்றைப் பிடித்தாலும் கொடுப்பதற்கு முன் உடைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். துறைமுகம் இல்லாத இடத்தில் இறங்கி, துறைமுகத்தைக் கையோடு கொண்டுபோவது என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது. தியெப்புக்குப் பிறகு அதை விட்டால் வேறு வழியில்லை என்றானது.

1942 மே மாதக் கடைசியில் சர்ச்சில் எழுதிய குறிப்பு பிரபலம். பாலம் ஓதத்தோடு ஏறி இறங்கவேண்டும், நங்கூரச் சிக்கலைத் தீர்க்கவேண்டும், என்னோடு வாதாடாதீர்கள், வாதாட வேண்டியதை இடைஞ்சல்களே வாதாடும் என்று நாலே வரி. நல்ல அதிகாரி எழுதுகிற குறிப்புதான். ஆனால் மறு வருடம் வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் பசியில் செத்தபோது, இதே மனிதரின் அரசாங்கத்துக்கு அரிசி அனுப்பக் கப்பல் கிடைக்கவில்லை. கப்பல் ஒதுக்கீடு என்றால் என்னவென்று தெரிந்தவன் நான். மேஜையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. இங்கே நின்றுகொண்டு அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலை நடந்த விதத்துக்கு வருகிறேன். பெட்டிகளில் பெரியது அறுபது மீட்டர் நீளம், பதினெட்டு மீட்டர் உயரம், ஆறாயிரம் டன். உள்ளே காலி, அதனால் மிதக்கும். வார்த்து முடித்து, ஜெர்மன் விமானத்துக்குத் தெரியாமல் இருக்கக் கரையோரம் தண்ணீரில் மூழ்கடித்து வைத்தார்கள். நேரம் வந்ததும் பம்பு போட்டு மிதக்கவிட்டு, டக் என்கிற இழுவைக் கப்பலைப் போட்டு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இழுத்தார்கள், நடை வேகத்தில். ஜூன் 7 முதலே கிழட்டுச் சரக்குக் கப்பல்கள் வரிசையாக வந்து, தங்களைத் தாங்களே ஓட்டை போட்டுக்கொண்டு மூழ்கி அலையைத் தடுத்தன. பின்னாலேயே இந்தப் பெட்டிகள், வால்வைத் திறந்து தண்ணீரை விட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும்.

எனக்குப் பிடித்தது பெர்த்துதான். நான்கு இரும்புக் கால்கள் கடல்தரையில் ஊன்றி நிற்கும். மேடை அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு ஓதத்தோடு ஏறும், இறங்கும். கப்பலும் ஏறும், மேடையும் ஏறும். இரண்டுக்கும் நடுவே உயர வித்தியாசம் எப்போதும் ஒன்றுதான். அங்கிருந்து கரைக்கு வண்டுகளின் முதுகில் போட்ட இரும்புச் சாலை. அலையில் அது பாம்பு மாதிரி வளையும், ஆனால் மேலே லாரி ஓடும். அந்தச் சாலையையும் அதைப் பிடித்து நிறுத்திய நங்கூரத்தையும் வடிவமைத்தவர் ஆலன் பெக்கெட், அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. இப்படி இரண்டு துறைமுகங்கள். ஒன்று இங்கே பிரிட்டிஷாருக்கு, இன்னொன்று ஒமாஹாவில் அமெரிக்கர்களுக்கு. இரண்டுக்கும் சேர்த்து வைத்த ரகசியப் பெயர் 'மல்பெரி'.

ஜூன் 19 அன்று வடகிழக்கிலிருந்து காற்று எழுந்தது. நேற்று எங்களைத் துரத்திய அதே திசை. மூன்று நான்கு நாள் அடங்கவில்லை. ஒமாஹாத் துறைமுகம் நொறுங்கிப் போனது, அப்புறம் அதைக் கட்டவே இல்லை. உதவக்கூடிய பாகங்களைப் பிடுங்கி ஆரோமான்ஷுக்குக் கொடுத்துவிட்டார்கள். இது பாதி அடிபட்டு, ஆனால் பிழைத்து, மாதக்கணக்கில் ஓடியது.

துறைமுகம் போன பிறகு அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சுவாரசியம். தட்டையான அடிப்பாகம் கொண்ட பெரிய கப்பல்களை ஏறிய கடலில் நேராக மணலில் முட்டவிட்டார்கள். கடல் வற்றும், கப்பல் காய்ந்த மணலில் உட்காரும், வாயைத் திறந்து லாரிகளை இறக்கும், அடுத்த ஏற்றத்தில் மிதந்து போகும். யாரும் எதிர்பார்க்காத அளவுக்குச் சரக்கு வெறும் மணலில் இறங்கியது. அப்படியானால் இத்தனை கான்கிரீட்டும் வீண்தானா என்று சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். என் கட்சி இது: துறைமுகம் கையில் இருக்கிறது என்ற தைரியம் இல்லாமல் இந்தப் பக்கம் வரவே துணிந்திருக்கமாட்டார்கள். ஷெர்பூர் துறைமுகத்தை ஜூன் கடைசியில் பிடித்தபோது ஜெர்மானியர் அதை அவ்வளவு சிரத்தையாக உடைத்து வைத்திருந்தார்கள், அங்கே கப்பல் வர வாரக்கணக்கில் ஆனது.

மத்தியானம் புளியோதரை. பாரிஸிலிருந்து கட்டி எடுத்து வந்தது, கடைசிப் பொட்டலம்.

நாள் 3: 22 மே, திங்கள்

ஒமாஹா. காரில் அரைமணி நேரம்.

வேண்டுமென்றே மத்தியானம் கடல் ஏறியிருக்கும்போது போய், அது வற்றும்வரை உட்கார்ந்திருந்தோம். மச்சினன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சிப்பி பொறுக்கினான். தண்ணீர் போகப் போக மணல் அகலமாகிக்கொண்டே வந்தது. மூன்று மணிக்கே திரும்பிப் பார்த்தால் கரையோரக் குன்று எங்கேயோ இருந்தது. அன்று விடிகாலை 6:30க்கு இறங்கியவர்கள் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் இந்த வெட்டவெளியைக் கடக்கவேண்டும், நனைந்த உடுப்போடு, முதுகில் சுமையோடு. குன்றின்மேல் இயந்திரத் துப்பாக்கிகள். தடைகள் தெரியவேண்டும் என்று வற்றிய கடலைத் தேர்ந்தெடுத்ததற்கு இங்கே கொடுத்த விலை இது.

மற்றக் கணக்குகளும் தப்பிப்போயின. முந்நூறுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் மேகத்துக்கு மேலிருந்து வந்தன. கீழே தங்கள் படகுகள்மேல் விழுந்துவிடக் கூடாதென்று சில வினாடி தாமதித்துப் போட்டதில், குண்டுகள் எல்லாம் உள்நாட்டு வயல்களில் விழுந்தன. கரையில் ஒன்றுகூட இல்லை. மிதக்கும் டாங்கிகள் என்று இருந்தன, சுற்றிலும் கித்தான் திரையைத் தூக்கிக் கட்டி. ஒரு பட்டாலியன் 29 டாங்கிகளைக் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இறக்கியது. அலை திரையை மடக்கிவிட்டது. 27 மூழ்கின. பக்கத்துப் பட்டாலியன்காரர்கள் அலையைப் பார்த்துவிட்டு, வேண்டாம், கரை வரைக்கும் படகிலேயே கொண்டுபோகலாம் என்று முடிவுசெய்தார்கள். அது அவர்களுக்கு உதவியது.

ஒரு விஷயத்தை இங்கே வரும்வரை நான் நம்பவில்லை. 1988இல் இரண்டு நிலவியலாளர்கள் இந்த மணலைக் கொஞ்சம் எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்த மாதிரியில் நூற்றுக்கு நான்கு பங்கு, அலையில் உருண்டு தேய்ந்த இரும்புத் துணுக்குகள். வெடித்த குண்டுகளின் மிச்சம். உப்பும் அலையும் அரித்து அதுவும் கரைந்துபோய்விடும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். வெறும் மணலாகத்தான் தெரிந்தது.

மேலே குன்றின்மீது அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். 9,300க்கும் மேற்பட்ட வெள்ளைச் சலவைக்கல், எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்க்கோடு. ரூஸ்வெல்ட் என்று ஒரு கல், பொன் எழுத்தில். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன், அவரும் தியோடர். 56 வயதில், கைத்தடியோடு, முதல் அலையிலேயே யூட்டாவில் இறங்கியவர். அங்கே நீரோட்டம் படகுகளைக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டது. தப்பான இடம். இருக்கட்டும், இங்கிருந்தே சண்டையைத் தொடங்குவோம் என்றார். தப்பான இடத்தில் காவல் குறைச்சலாக இருந்தது, அதிர்ஷ்டம். ஐந்து வாரம் கழித்து மாரடைப்பில் இறந்தார். முதல் உலகப் போரில் செத்த தம்பி குவென்டினைத் தோண்டி எடுத்து 1955இல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளி ஓர் அமெரிக்கக் குடும்பம் நின்றது. சீருடையில் ஓர் ஊழியர் சின்ன வாளியோடு வந்து முழங்காலிட்டார். வாளியில் ஈர மணல். ஒமாஹாக் கரையிலிருந்து எடுத்து வருவதாம். வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து வெயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மணலை ஒரு பிடி எடுத்து, எழுத்துகள்மேல் சந்தனம் பூசுவது மாதிரி அழுத்தித் தேய்த்தார். பிறகு ஈரப் பஞ்சால் மேற்பரப்பை மட்டும் ஒரே இழுப்பாகத் துடைத்தார். பெயர், படைப்பிரிவு, மாநிலம், இறந்த தேதி எல்லாம் மஞ்சள் பழுப்பில் பளிச்சென்று வந்தன. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் நகர்ந்துவிட்டோம். அடுத்த மழைக்கு அது கழுவிப் போய்விடும்.

"வயசு போடலையே" என்றாள் என் மனைவி. உண்மைதான். எந்தக் கல்லிலும் பிறந்த தேதி இல்லை.

நாள் 4: 23 மே, செவ்வாய்

இன்று பாயோ. போர் அதிகம் தொடாத ஊர், ஜூன் 7 அன்றே விடுதலையானது.

முதலில் அந்தப் பழைய துணி. எழுபது மீட்டர் நீளத்தில் கம்பளி நூலால் போட்ட பூவேலை. 1066இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தின்மேல் படையெடுத்த கதை. என் கண் போனது மரம் வெட்டுகிற, கப்பல் கட்டுகிற காட்சிக்கு. பிறகு இரும்புச் சட்டைகளைக் கழியில் கோத்து இரண்டு பேர் தூக்கிப் போகிறார்கள், வண்டியில் பெரிய பீப்பாயில் மது போகிறது. படகில் குதிரைகள் வரிசையாகத் தலை காட்டுகின்றன. சரக்கேற்றத்தை இவ்வளவு அக்கறையாக வரைந்த வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வில்லியமும் காற்றுக்காக வாரக்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தவர்தான்.

1944இல் காத்திருந்தவர் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர். ஜூன் 5 என்று குறித்தாயிற்று, ஆட்களைக் கப்பலில் ஏற்றியும் ஆயிற்று. அயர்லாந்தின் மேற்கு ஓரம் பிளாக்ஸாடில் தபால் நிலையத்தில் வேலை பார்த்த மோரீன் ஃபிளாவின் என்ற பெண், ஜூன் 3 அதிகாலையில், தன் 21ஆவது பிறந்தநாள் அன்று, காற்றழுத்தமானி வேகமாக இறங்குவதைக் குறித்து அனுப்பினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. சரிபார்க்கச் சொல்லி இங்கிலாந்திலிருந்து போன் வந்தது. மறுபடி பார்த்துச் சொன்னார். வானிலைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டாக் 5ஆம் தேதி புயல் என்றார். ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். 4ஆம் தேதி ராத்திரி ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருக்கும்போதே, நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும் என்றார். அந்த இடைவெளிக்குள்தான் நுழைந்தார்கள். அட்லாண்டிக்கின் மேற்குப் பக்க வானிலை அளவுகள் ஜெர்மானியரிடம் இல்லை. இந்த வானிலையில் யார் வருவார் என்று ரோமல் மனைவியின் பிறந்தநாளுக்கு ஊருக்குப் போயிருந்தார். அது ஜூன் 6.

தோற்றால் வெளியிட என்று ஐசனோவர் ஒரு குறிப்பு எழுதிப் பையில் வைத்திருந்தார், குற்றம் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று. பதற்றத்தில் தேதியை ஜூலை 5 என்று போட்டுவிட்டார்.

6ஆம் தேதியும் விட்டிருந்தால் ஓதம் கூடி வரும் அடுத்த வாய்ப்பு ஜூன் 19 வாக்கில். துறைமுகத்தை நொறுக்கிய காற்று எழுந்த அதே நாள். பின்னால் ஸ்டாக் இதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் அனுப்பினார். அதன் அடியில் ஐசனோவர் போர்த் தெய்வங்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி கிறுக்கியிருக்கிறார்.

பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம் ஊரின் ஓரத்தில். எதிரே உள்ள நினைவு மண்டபத்தில் லத்தீனில் ஒரு வரி: வில்லியமால் வெல்லப்பட்ட நாங்கள், வென்றவனின் தாய்நாட்டை விடுவித்தோம். ஆங்கிலேயருக்கு இந்த மாதிரிக் குசும்பு நன்றாக வரும். இங்கே கல்லில் வயது போட்டிருக்கிறார்கள். 19, 20, 22, 19. கீழே வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரியும் உண்டு. என் மனைவி ஒவ்வொரு வரிசையாக நின்று படித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஜெர்மானியர் சிலரும் அதே தோட்டத்தில், கல்லின் தலை மட்டும் வேறு வடிவம்.

"நம்ம ஆளுங்க யாரும் இல்லையா அத்தான்?" என்றான் மச்சினன். அதே ஜூனில் இந்தியப் படைகள் இத்தாலியிலும் கோஹிமா, இம்பாலிலும் இருந்தன என்றேன்.

சாயங்காலம் விடுதி அம்மா தேநீரோடு வந்து உட்கார்ந்தார். மச்சினன் மொழிபெயர்த்தான். அவருடைய தாய் கான் நகரத்துப் பெண். நேச நாட்டு விமானங்கள் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது ஆயிரக்கணக்கானவர்களோடு ஃப்ளூரியில் உள்ள பழைய கல்குவாரிக் குகைகளுக்குள் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாராம். நார்மண்டியில் அந்த வருடம் செத்த பொதுஜனம் மட்டும் சுமார் 20,000 பேர். "விடுதலை செய்ய வந்தவர்கள்தான் வீட்டை இடித்தவர்கள். அம்மா இரண்டுக்கும் சேர்த்தே நன்றி சொல்வார்" என்றார். கிண்டலா, நிஜமா என்று கேட்கச் சொன்னேன். மச்சினன் கேட்கமாட்டேன் என்றுவிட்டான்.

நாள் 5: 24 மே, புதன்

கிளம்பும் நாள். பாராசூட்காரர் மாட்டித் தொங்கிய தேவாலயம், கிளைடர் இறங்கிய பாலம், ரேஞ்சர்கள் ஏறிய செங்குத்துப் பாறை எதற்கும் போகவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வேர்-சூர்-மேர் என்ற ஊருக்குப் போனோம். அங்கே மேட்டில் பிரிட்டிஷ் நினைவுச் சின்னம், 2021இல் திறந்தது. தூண் தூணாக 22,442 பெயர்கள், இறந்த தேதி வரிசையில். ஆனால் நான் போனது கீழே உள்ள மணலுக்காக.

1943 டிசம்பர் 31 ராத்திரி, லோகன் ஸ்காட்-பௌடன், புரூஸ் ஆக்டன்-ஸ்மித் என்ற இரண்டு பேர் இந்தக் கரைக்கு நீந்தி வந்தார்கள். கையில் மண் எடுக்கும் துளைப்பான், இடுப்பில் குழாய்கள். இந்த மணலுக்கு அடியில் மக்கிப்போன தழையும் களிமண்ணும் கலந்த சதுப்பு உண்டு என்று சந்தேகம். டாங்கி இறங்கினால் பதிந்துவிடும். மேலே ஜெர்மன் காவல்காரன் நடந்துகொண்டிருக்க, குப்புறப் படுத்து, இடம் இடமாகத் துளைத்து மண் எடுத்தார்கள். திரும்புகையில் அலை பலமாக இருந்தது. பின்னால் ஆக்டன்-ஸ்மித் கத்துவது கேட்டு, மூழ்கிவிட்டானோ என்று மற்றவர் பதறித் திரும்பினார். அவர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் மண்ணைப் பார்த்த பிறகுதான், சதுப்பின்மேல் துணிப்பாயை விரித்துக்கொண்டே போகிற டாங்கி போன்ற விசித்திரங்களுக்கு அவசரம் வந்தது.

கட்டைவிரலால் ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்தில் நிறம் மாறியது, சாம்பலாக. முகர்ந்தால் எங்கள் ஊர் உப்பளத்துச் சேற்று வாடை.

விடுதியில் பெட்டியை எடுக்கத் திரும்பியபோது பத்தரை. அந்த அம்மா போன வருடத்து ஓதப் புத்தகத்தை என் கையில் வைத்தார், இனி யாருக்கும் உதவாது, வைத்துக்கொள்ளுங்கள் என்று. மச்சினனைக் காணோம். கரைக்குப் போய்ப் பார்த்தால், எட்டு மணிக்கு வற்றிய கடல் பாதி ஏறிவிட்டது, அவன் தூரத்தில் அந்தப் பெட்டிச் சுவர்ப் பக்கமிருந்து கணுக்கால் தண்ணீரில் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் ஷூ, இன்னொரு கையில் போன்.

"கணுவை போட்டோ எடுத்தேன்" என்றான். "நம்ம சைட்ல தச்சர்ட்ட காட்டணும்."

பின்னால் பெட்டியின் உடைந்த மூலை தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.